முதல் நாள் வேலைக்கு வருகிறவன்

கட்டட வேலைத்தளத்தில் ஒருவர் விழுந்து இறந்தால், காரணம் அன்று பின்னேரமே எழுதப்பட்டுவிடும்: கவனயீனம். கம்பனி அறிக்கையில் அதுதான் இருக்கும். வாடியில் ஆட்கள் தங்களுக்குள் கதைத்துக்கொள்வதும் அதுதான். செத்தவன் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. கட்டட வேலைகளில் பாதுகாப்பு உத்தியோகத்தராகவும் பயிற்சியாளராகவும் என் உழைப்புக் காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். அந்தக் காரணத்தை ஒருபோதும் ஏற்றுக்கொண்டதில்லை. மனிதனுக்குக் கவனம் பிசகத்தான் செய்யும். வீட்டு வாசற்படியில் தடுக்கினால் முழங்கால் சிராய்கிறது. ஆறாம் மாடி விளிம்பில் தடுக்கினால் உயிர் போகிறது. இரண்டு இடத்திலும் பிசகு ஒன்றுதான். ஆறாம் மாடியில் கைபிடிக் கம்பி கட்டாமல் விட்டது யார் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

நான் குடியிருப்பது வத்தளையில், களனி ஆற்றின் வட கரையில். ஆற்றைத் தாண்டினால் முகத்துவாரம், கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை. 2013 ஒக்டோபரில் கட்டுநாயக்க அதிவேகப் பாதை திறந்தது. 2019 இல் கெரவலப்பிட்டியிலிருந்து கடவத்தைக்கு வெளிச்சுற்றுப் பாதையும் வந்தது. அதன் பிறகு ஹெந்தளை, மாபோலை, ஹெக்கித்தை என்று எந்த ஒழுங்கைக்குள் போனாலும் மிக்சர் சத்தம்தான். ஆறு பேர்ச்சஸ் காணியில் மூன்று மாடி வீடு. அடுத்த ஒழுங்கையில் தொடர்மாடி. அங்கே வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் வத்தளைக்காரர்கள் இல்லை. மஸ்கெலியாவிலிருந்தும் பதுளையிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் வாகரையிலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்கள். தகரம் அடித்த வாடியில் படுத்து, கிழமைக் கூலியில் பாதியை ஊருக்கு அனுப்புகிறவர்கள்.

வெள்ளவத்தையில் தொடர்மாடிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த காலத்தில் மேற்பார்வையாளராகத் தொழிலைத் தொடங்கினேன். பிறகு சில ஆண்டுகள் டுபாய். பாதுகாப்பு வேலையை முறையாகக் கற்றது அங்கேதான். கோடையில், யூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை, பகல் 12.30 இலிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே விதி. மீறினால் தண்டப்பணம். அந்த விதி வருவதற்கு முன்பும் அங்கே நல்ல முதலாளிகள் இருந்திருப்பார்கள். ஆனால் நேரம் குறித்து, தொகை குறித்து எழுதிய பிறகுதான் எல்லா முதலாளிகளும் நிழலில் ஆட்களை உட்கார வைத்தார்கள். தொழிலாளியின் உயிரை யாருடைய நல்ல மனசையும் நம்பி விடக் கூடாது என்ற எண்ணம் எனக்கு அங்கேதான் உறுதிப்பட்டது. கொழும்புக்குத் திரும்பி வந்த பிறகு இந்த எண்ணத்தை விடவில்லை.

இங்கே எங்களிடம் சட்டம் இல்லாமல் இல்லை. தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கம். வெள்ளைக்காரன் காலத்தில் எழுதப்பட்டது, பிறகு திருத்தப்பட்டது. கட்டட வேலைக்கும் அது செல்லும். 2009 இல் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவகம் சட்டம் மூலம் அமைக்கப்பட்டது. 2014 இல் கட்டடக் கைத்தொழில் அபிவிருத்திச் சட்டமும் வந்தது. பெரிய கம்பனிகளின் பெரிய தளங்களில் இவற்றின் நிழல் விழுகிறது. வாசலில் பலகை இருக்கும், பெயர் பதிவார்கள், மஞ்சள் ஹெல்மெட் கொடுப்பார்கள். ஆனால் பிரதான கொந்தராத்துக்காரர் வேலையைப் பிரித்து ஒருவரிடம் கொடுப்பார். அவர் சட்டரிங்கை இன்னொருவரிடம், கம்பி கட்டுவதை வேறொருவரிடம். கடைசியில் ஒரு பாஸ் கையடக்கத் தொலைபேசியில் ஊருக்கு எடுத்து, "நாளைக்கு ரெண்டு பேரை அனுப்பு" என்பார். அந்த இரண்டு பேரின் பெயர் எந்தப் பயிற்சிப் பட்டியலிலும் இருக்காது. பயிற்சி நடந்தது போன மாதம். அவர்கள் வந்தது இன்று காலை.

நான் எப்போதும் அஞ்சியது இந்த முதல் நாள்காரனைத்தான். தளத்தின் எந்த மூலையில் குழி, எந்தப் பலகைக்குக் கீழே தாங்கல் இல்லை, எந்த வயர் உரிந்திருக்கிறது என்று பழைய ஆளுக்கு உடம்பே சொல்லும். புதியவனுக்கு எதுவும் தெரியாது. அதோடு அவனுக்கு ஒரு வெட்கம். தெரியாது என்று சொன்னால் நாளைக்கு வேலை இல்லாமல் போய்விடும் என்ற பயம். ஏறு என்றால் ஏறுவான்.

2018 யூனில் கொழும்பில் தாமரைக் கோபுரத்தின் கட்டுமானத்தில் வேலை செய்த 19 வயது இளைஞர் ஒருவர் உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். கிளிநொச்சிக்காரர். நான் அந்தத் தளத்தில் வேலை செய்தவன் அல்ல. அங்கே நடந்ததைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்கு இடமில்லை. ஆனால் அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து, வன்னிப் பக்கத்துப் பொடியன் ஒருவன் தோள் பையோடு என் தளத்து வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம் அவனுடைய வயதைத்தான் முதலில் கேட்பேன். பள்ளிக்கூடம் விட்டு எத்தனை மாதம் என்று கேட்பேன். 350 மீற்றர் உயரக் கோபுரமோ மூன்று மாடி வீடோ, அந்த வயதில் உயரம் பயமுறுத்துவதில்லை. அதுதான் ஆபத்து.

முதல் நாள் பயிற்சியை நான் வகுப்பறையில் நடத்துவதில்லை. படம் போட்டுக் காட்டுவதும் இல்லை. அதற்கெல்லாம் இன்னொரு நாள் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு வந்தவனை, பிளேன்டி குடித்து முடித்ததும், தளம் முழுக்க நடத்திக் கூட்டிக்கொண்டு போவேன். முதலில் லிஃப்ட் குழி. கதவு வைக்காத லிஃப்ட் குழியைப் போல ஏமாற்றுகிற இடம் வேறில்லை. வெளிச்சம் குறைந்த மாடியில் அது இன்னொரு அறையின் வாசலாகத் தெரியும். தடுப்புக்கு முன்னால் அவனை நிறுத்தி, உள்ளே ஒரு கல்லைப் போட்டு, சத்தம் வரும் வரை காத்திருக்கச் சொல்வேன். பிறகு சிலாப்பில் குழாய்க்காக விட்ட ஓட்டைகள். அவற்றை வெறும் பிளைவுட் துண்டால் மூடி வைப்பது எங்கள் ஊர் வழக்கம். மண்வெட்டியால் கொங்கிறீட் இழுத்துக்கொண்டு பின்பக்கமாக நடக்கிறவன், அல்லது அந்தப் பலகையை வேறு தேவைக்காகத் தூக்கி எடுக்கிறவன், நேராகக் கீழே போவான். மூடியை ஆணி அடித்து இறுக்கி, சிவப்பு பெயின்ற்றில் குறி போட வைப்பேன். அதைப் புதியவன் கையாலேயே செய்ய வைப்பேன். தன் கையால் ஆணி அடித்த ஓட்டையை ஆள் மறப்பதில்லை.

நடந்து முடித்த பிறகு நான் கதைக்க மாட்டேன். அவன் என்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எங்கே என்ன ஆபத்து என்று அவன் எனக்குச் சொல்ல வேண்டும். தலையாட்டலை நான் விளக்கமாக எடுத்துக்கொள்வதில்லை. எங்கள் ஆட்கள் மரியாதைக்காகவே தலையாட்டுவார்கள். தமிழில் கேட்டால் தமிழில் சொல்வார்கள், சிங்களத்தில் கேட்டால் பாதிதான் வரும். கொழும்பின் பெரிய தளங்கள் சிலவற்றில் ஆங்கிலமும் சீனமும் உள்ள பலகைகளுக்குக் கீழே மலையகத்துப் பிள்ளைகள் நின்று வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். வாசிக்க முடியாத எச்சரிக்கைக்குக் கீழே ஒருவன் விழுந்தால் அதற்குப் பெயர் கவனயீனமா?

ஒரு காலை, முல்லைத்தீவிலிருந்து வந்த பொடியன் ஒருவன் கேட்ட கேள்வியை இன்றுவரை எல்லாப் பயிற்சியிலும் சொல்லி வருகிறேன். ஐந்தாம் மாடியில் வெளிச்சுவர் பூசும் வேலை. எல்லோருக்கும் பெல்ட் கொடுத்திருந்தார்கள். முழு உடம்புக்கும் மாட்டும் நல்ல பெல்ட்தான். தோளுக்குப் பின்னால் வளையம், ஆறடிக் கயிறு, நுனியில் கொளுக்கி. அவன் அதை மாட்டிக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கேட்டான்: "சேர், இதை எங்க கொழுவுறது?"

பாஸ் பேசவில்லை. என்ஜினியர் பேசவில்லை. அந்த மாடியில் கொழுவ ஓர் இடமும் இல்லை. எல்லோரும் கொளுக்கியைத் தங்கள் இடுப்பிலேயே மாட்டிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார்கள். அன்று அந்தப் பக்கத்து வேலையை நிறுத்தினேன். தூணுக்குத் தூண் கம்பிவடம் இழுத்து, தலைக்கு மேலே கொழுவ வசதி செய்த பிறகுதான் ஆட்கள் விளிம்புக்குப் போனார்கள். அந்தப் பொடியனை எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினேன். முதல் நாளில் கேள்வி கேட்கிறவன் அந்தத் தளத்துக்குக் கிடைத்த செல்வம்.

பெல்ட் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெல்ட் வாங்கிக் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிற முதலாளிகள் நிறைய. கணக்கைப் பாருங்கள். காலடி மட்டத்தில் ஒருவன் கொளுக்கியைக் கொழுவி, விளிம்பில் தவறுகிறான் என்று வைப்போம். கயிறு ஆறு அடி. அதிர்ச்சியைத் தாங்கும் மடிப்பு விரிந்து நீள்வதற்கு மேலும் மூன்றரை அடி வேண்டும். முதுகு வளையத்துக்குக் கீழே அவனுடைய உடம்பு ஐந்து அடி. கால் தரையில் படாமலிருக்க மூன்றடி மிச்சம் வேண்டும். கூட்டினால் பதினேழரை அடி வருகிறது. எங்கள் வத்தளை வீடுகளில் ஒரு மாடியின் உயரம் பத்து அடி. முதலாம் மாடிச் சிலாப்பில் நின்று காலடியில் கொழுவியவனை அந்தப் பெல்ட் பிடிப்பதற்கு முன்பே தரை பிடித்துவிடும். இதை நான் கரும்பலகையில் எழுதுவதில்லை. 50 கிலோ சீமெந்துப் பையில் மணல் நிரப்பி, பழைய பெல்ட்டை அதற்கு மாட்டி, சிலாப் விளிம்பிலிருந்து தள்ளிவிடுவேன். பை தரையில் சிதறுவதை ஆட்கள் பார்ப்பார்கள். பிறகு அதே பையைத் தலைக்கு மேலே கொழுவித் தள்ளுவேன். அது தொங்கும். இரண்டாவது முறை தள்ளும்போது தளத்தில் ஒருவரும் கதைக்க மாட்டார்கள்.

தொங்கினாலும் ஆபத்து தீர்ந்துவிடாது. பெல்ட்டில் அசையாமல் தொங்குகிறவனின் கால்களில் இரத்தம் தேங்கும். சிறிது நேரத்திலேயே மயக்கம் வரலாம், அதற்கு மேலும் ஆகலாம். எனவே விழுந்தவனை எப்படி உள்ளே இழுப்பது, ஏணி எங்கே, யார் போவது என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லி வைத்திருக்க வேண்டும். கொழும்பில் இதைச் சொல்லி வைத்த தளங்களை விரல் விட்டு எண்ணலாம்.

இதனால்தான் பெல்ட்டுக்கு முன்னால் கைபிடிக் கம்பி என்கிறேன். கம்பி கட்டிய விளிம்பில் தூங்கி விழுகிறவனும் தப்புவான். பெல்ட் அதைச் சரியாகப் போட்டவனை மட்டுமே காக்கும். சான் பிரான்சிஸ்கோவில் கோல்டன் கேட் பாலம் கட்டிய காலத்தில் பாலத்துக்குக் கீழே வலை விரித்தார்கள். அந்த வலை 19 பேரைத் தாங்கிப் பிடித்தது. ஆனால் 1937 பெப்ரவரி 17 அன்று பாலத்துக்கு அடியில் ஓடிய கனத்த சாரமேடை கழன்று அதே வலையைக் கிழித்துக்கொண்டு கடலில் விழ, 10 பேர் இறந்தார்கள். கோல்டன் கேட் கதையைச் சொல்லும்போது எங்கள் ஆட்கள் கேட்பது ஒரே கேள்விதான்: அந்த 19 பேரும் மறுநாள் வேலைக்குப் போனார்களா? போயிருப்பார்கள், சம்பளம் வேண்டுமே என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொள்வார்கள்.

வத்தளைக்கே உரிய ஆபத்து மண்ணில் இருக்கிறது. முத்துராஜவெலச் சதுப்பின் ஓரம் இது. மேலே கொட்டி நிரப்பிய செம்மண், கீழே கறுத்த சதுப்புக் களி. நாலடி தோண்டினால் தண்ணீர் ஊறும். மலக்குழிக்கோ குழாய்க்கோ பெக்கோவால் செங்குத்தாக வெட்டி, உள்ளே ஆளை இறக்கிவிடுவார்கள். வெட்டிய மண்ணையும் குழியின் விளிம்பிலேயே குவிப்பார்கள். ஒரு கன மீற்றர் ஈரச் செம்மண் ஒன்றரைத் தொன்னுக்கு மேல் எடை. சரிந்தால் தலை வெளியே இருந்தாலும் ஆள் தப்புவது கடினம். நெஞ்சை மண் இறுக்கினால் மூச்சு உள்ளே போகாது. மழை பெய்த மறுநாள் காலையில்தான் குழிகள் சரியும். அதனால் இடுப்பளவுக்கு மேல் ஆழமான குழியில் பலகை முட்டுக் கொடுக்காமல் யாரையும் இறங்க விடமாட்டேன். குவித்த மண் விளிம்பிலிருந்து குறைந்தது இரண்டடி தள்ளி. ஏறி வர ஓர் ஏணி எப்போதும் உள்ளே. பெக்கோக்காரருக்கு இது பிடிப்பதில்லை. நான் போன பிறகு ஏணியைத் தூக்கிவிடுவார்கள் என்று தெரிந்தால், போகாமல் அங்கேயே நிற்பேன்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு சொல். பிளக் இல்லாத வயரை சொக்கெட்டில் திணித்து நெருப்புக் குச்சியால் இறுக்குகிற பழக்கம் இன்றும் சின்னத் தளங்களில் இருக்கிறது. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச்சு இல்லாத இடத்தில் நான் கிரைண்டரைத் தொட விடுவதில்லை. ஒழுங்கையில் போகும் லைன் இரண்டாம் மாடி பல்கனிக்குக் கைநீட்டும் தூரத்தில் இருக்கும். இருபதடிக் கம்பியைக் கீழிருந்து நிமிர்த்தி மேலே கொடுக்கும்போது நுனி எங்கே போகிறது என்று கீழே நிற்பவனுக்குத் தெரியாது. மேலே ஒருவன் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அவனுக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது.

ஆட்களைப் பயிற்றுவிப்பது இலகு. பாஸைப் பயிற்றுவிப்பதுதான் கஷ்டம். உயிர் தங்குவதும் போவதும் அவர் கையில்தான் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் ஒரு பாஸ் இருந்தார். என்னைவிட வயதில் மூத்தவர், அருமையான தொழில்காரர், தூக்குக்குண்டு பிடிக்காமலே சுவரின் சாய்வைச் சொல்வார். காலைக் கூட்டம் என்றாலே முகம் சுளிப்பார். "பேசிக்கிட்டே நின்னா எப்ப சேர் சிலாப் போடுறது?" என்பார். அவரோடு நான் சண்டை பிடித்ததில்லை. ஒரு நாள் சட்டரிங்குக்குக் கீழே அவரைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். கமுக மரமும் கண்ட கம்பும் முட்டாக நின்றன. சில முட்டுகளுக்குக் கீழே செங்கல் துண்டு வைத்து உயரம் சரிக்கட்டியிருந்தார்கள். "அண்ணே, பத்துக்குப் பத்து அறை, அஞ்சங்குலச் சிலாப். ஈரக் கொங்கிறீட் எவ்வளவு நிறை வரும்?" என்று கேட்டேன். அவர் சீமெந்துப் பைக் கணக்கில் யோசித்தார். இருவருமாகக் கூட்டினோம். 2.8 தொன் வந்தது. "இதுக்குக் கீழ யாரு நிக்கிறது?" என்றேன். அவருடைய தங்கை மகன்தான் கீழே கசிவு பார்க்க நிற்பான்.

அன்று பின்னேரம் செங்கல் துண்டுகள் எல்லாம் போயின. முட்டுக்குக் கீழே பலகை வந்தது, குறுக்குக் கட்டு வந்தது. அடுத்த மாதத்திலிருந்து காலைக் கூட்டத்தை அவரே நடத்தினார். என்னைவிட நன்றாக நடத்தினார், ஏனென்றால் எந்த ஆள் எங்கே அவசரப்படுவான் என்பது அவருக்குத் தெரியும். பாதுகாப்பு உத்தியோகத்தரின் குரலுக்கு ஆட்கள் பணிவார்கள்; பாஸின் குரலைத்தான் பின்பற்றுவார்கள். பயிற்சிக்கு ஒதுக்கும் பணம் குறைவாக இருந்தால் முழுவதையும் பாஸ்மாருக்குச் செலவழியுங்கள் என்று கம்பனிகளிடம் சொல்லி வருகிறேன்.

2017 மே 18 அன்று வெள்ளவத்தையில், சவோய் தியேட்டருக்குப் பக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த ஐந்து மாடிக் கட்டடம் பட்டப்பகலில் இடிந்து விழுந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இடிபாட்டுக்குள்ளிருந்து உடல்களும் எடுக்கப்பட்டன. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 2014 யூன் 28 இல், சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பலர் வெளிமாநிலத்துக் கூலிகள். இப்படியான இடங்களில் ஹெல்மெட்டும் பெல்ட்டும் காலைக் கூட்டமும் ஒன்றும் செய்யாது. கட்டடமே பிழை என்றால் தொழிலாளிக்குக் கொடுக்கும் பயிற்சி எதைக் காப்பாற்றும்? அதனால் பயிற்சியைப் பெரிதாகப் பேசும்போதெல்லாம் எனக்குள் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. வடிவமைப்பில், அனுமதியில், தூணின் கம்பியில் உள்ள பொறுப்பைக் கூலிக்காரனின் தலைக்கவசத்துக்கு மாற்றிவிடக் கூடாது.

அதே 2017 இல் நாட்டில் டெங்கு 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பிடித்தது. அந்த ஆண்டு கட்டடத் தளங்களில் நான் கண்ட சுறுசுறுப்பை அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. பி.எச்.ஐ. வருவார், தேங்கிய தண்ணீரில் குடம்பி கண்டால் வழக்கு. 2007 ஆம் ஆண்டின் நுளம்பு ஒழிப்புச் சட்டம் கையில் இருந்தது. பெரிய கம்பனியும் சின்னக் கொந்தராத்துக்காரரும் ஒரே கிழமையில் திருந்தினார்கள். லிஃப்ட் குழியின் தண்ணீரைத் தினமும் இறைத்தார்கள். அதே லிஃப்ட் குழிக்குத் தடுப்புப் போடச் சொல்லி நான் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தேன். பரிசோதகர் வாசலுக்கு வந்தால் எங்கள் தளங்கள் திருந்தும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளர்களும் அதே போல ஒழுங்கைக்குள் வர வேண்டும், அவர்களுக்கு அதற்கேற்ற ஆள்பலம் கொடுக்கப்பட வேண்டும்.

விழுந்து பிழைத்தவர்கள் போகிற இடம் எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ராகமையில் புனர்வாழ்வு வைத்தியசாலை. முள்ளந்தண்டு உடைந்தவர்கள் அங்கே மாதக்கணக்கில் படுத்திருப்பார்கள். மரத்திலிருந்து விழுந்தவர், மோட்டார் சைக்கிளில் அடிபட்டவர், அவர்களுக்கு நடுவே சாரத்திலிருந்து விழுந்த மேசன். எனக்குத் தெரிந்த ஒருவரைப் பார்க்க அங்கே போவேன். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அவர் ஒருபோதும் தன் பாஸைக் குறை சொன்னதில்லை. "என் நேரம் சரியில்ல, அண்ணே" என்பார். அவருடைய மனைவி தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டு பிள்ளைகளைப் பார்க்கிறார். நேரம் சரியில்லை என்று அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எனக்கு மிகவும் கஷ்டம். அவர் நின்ற பலகை இரண்டு பக்கமும் கட்டப்படாத பலகை.

தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934 இலிருந்து இருக்கிறது. நட்டஈட்டின் உச்சவரம்பு நீண்ட காலம் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவாக நின்று, 2022 திருத்தத்தில் 20 இலட்சமாக உயர்ந்தது. வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் நடக்கும் விபத்தும் அதற்குள் வந்தது. நாட்கூலிக்கும் இந்த உரிமை உண்டு என்பது வாடியில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. வீட்டுக்காரரோ கொந்தராத்துக்காரரோ செத்த வீட்டுச் செலவுக்குக் கொடுக்கும் தொகையை வாங்கிக்கொண்டு உடலை ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அதனால் என் பயிற்சியில் கடைசிப் பத்து நிமிடம் இதற்குத்தான். சம்பளம் வாங்கும் ஒவ்வொரு முறையும் துண்டுச் சீட்டாவது எழுதி வாங்கு, பாஸின் முழுப் பெயரும் தளத்தின் விலாசமும் வீட்டில் தெரிந்திருக்கட்டும், அம்புலன்ஸுக்கு 1990, அதற்குக் காசு இல்லை. இவ்வளவும் மனப்பாடமாகச் சொல்ல வைத்த பிறகே அனுப்புவேன்.

2022 நெருக்கடியில் தளங்கள் பல நின்றுபோயின. கைதேர்ந்த மேசன்மாரும் வெல்டர்மாரும் வெளிநாடு போனார்கள். வேலை மறுபடி தொடங்கியபோது வாசலில் வந்து நின்றவர்களில் பலர் தோட்டத்திலும் கடையிலும் இருந்துவிட்டு முதல் தடவையாகக் கட்டட வேலைக்கு வந்தவர்கள். முதல் நாள்காரர்கள் இப்போது முன்னைவிட அதிகம். அதே ஆண்டு யூனில் ஜெனீவாவில் சர்வதேசத் தொழில் மாநாடு, பாதுகாப்பான வேலைச் சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. நல்ல தீர்மானம். ஹெந்தளை ஒழுங்கைக்குள் அது வந்து சேர வேண்டும்.

வீடு கட்டுகிற வத்தளைக்காரர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. பெரிய தளத்துக்குப் பாதுகாப்பு உத்தியோகத்தர் இருக்கிறார், உங்கள் வீட்டுக்கு நீங்கள்தான். பாஸ் எஸ்டிமேட்டைக் கொண்டு வரும்போது சீமெந்துக்கும் மணலுக்கும் டைல்ஸுக்கும் விலை பார்க்கிறீர்கள். அதில் சாரத்துக்கும் கைபிடிக் கம்பிக்கும் குழி முட்டுக்கும் ட்ரிப் சுவிச்சுக்கும் தனியாக ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், அதற்கான காசை மனம் கோணாமல் கொடுங்கள். புதிய ஆள் வந்த காலையில் அரை மணி நேரம் வேலை நிற்கட்டும்; பாஸ் அவனைக் கூட்டிக்கொண்டு தளத்தைச் சுற்றி வரட்டும். அந்த அரை மணிக்கும் கூலி உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த வரி இல்லாத எஸ்டிமேட்டில் கையெழுத்து வைக்காதீர்கள்.